கடிதம் வராத காலத்தின் காதல்

வரலாற்றுப் புனைவுகளைப் பதிப்புக்கு ஆயத்தம் செய்யும் பணியில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். எங்களிடம் வந்து சேரும் பிரதிகளில் பெரும்பாலானவை போரையோ பஞ்சத்தையோ இடப்பெயர்வையோ களமாகக் கொண்டவை. அவற்றின் நடுவே ஒரு காதலும் ஒரு வீரச் செயலும் மயிரிழையில் உயிர் தப்புதலும் கட்டாயம் இருக்கும். இத்தகைய பிரதிகளோடு பழகியதில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் எவையெல்லாம் இயலாமற் போயின என்பதை எழுத்தாளர் தெரிந்துகொள்ளும் வரையில், அந்தக் காலத்து மனிதர்களின் அன்புக்கும் துணிவுக்கும் பக்கங்களில் உயிர் வருவதில்லை.

இதை எனக்கு ஐயமின்றிக் காட்டிய நாவல், இரண்டாம் உலகப் போரில் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த ரயில் பாதையைப் பற்றியது. மலாயாவின் ரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஓர் இளைஞனும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவனுக்காகக் காத்திருக்கும் மனைவியுமே அதன் மையம். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை ஜப்பானியப் படை 1942இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாகத் தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாத் தீவினரான சாவகர் எனப் பல இனத்துத் தொழிலாளர்கள் அங்கே இருந்தனர். இவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் எங்கும் கிடையாது. புனைவுக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். பெயர்ப்பட்டியல் இல்லாத இடத்தில், ஒருவன் எப்படி நடந்தான், யாரை நினைத்துக்கொண்டிருந்தான் என்று சொல்வதற்குக் கதையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

முதல் பிரதியில் கணவன் முகாமிலிருந்து மனைவிக்கு நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தான். படிக்க அழகான கடிதங்கள்தாம். ஆனால் அங்கே போனவர்களில் பெரும்பாலோரைப் பற்றித் தோட்டத்துக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான தபாலும் போர்க்காலத்தில் அறுந்துபோயிருந்தது. பிழைத்துத் திரும்பிய யாரேனும் ஒருவர் வாயால் சொன்னால்தான் உண்டு. அந்தக் கடிதங்களை நீக்கிவிடலாம் என்று நான் எழுதியபோது, காதலின் முதுகெலும்பே போய்விடும் என்று ஆசிரியர் வருந்தினார். அவருடைய வருத்தம் நியாயமானது. எனினும் சில வாரங்களில் அவர் திருத்தி அனுப்பிய அத்தியாயம், அதுவரை நான் படித்த பிரிவுக் காட்சிகள் பலவற்றையும்விட வலுவாக இருந்தது. நோயோடு திரும்பிய ஒருவர் அவள் கணவனைப் பாலம் கட்டும் இடத்தில் பார்த்ததாகச் சொல்கிறார். பின்னொரு நாள் வந்த இன்னொருவர், அவனைக் காலராக் கொட்டகையில் கிடத்தியிருந்ததாகச் சொல்கிறார். எது முந்தியது, எது பிந்தியது என்று இருவருக்குமே நினைவில்லை. எதை நம்பிக் காலையில் எழுவது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

துணிவும் இப்படித்தான் மாறியது. முதலில் கணவன் காவலாளியைத் தாக்கிவிட்டுக் காட்டுக்குள் ஓடுவதாக எழுதப்பட்டிருந்தது. அப்படித் தப்ப முயன்றவர்கள் உண்டு. காடும் பசியும் நோயும் அவர்களில் பலரை விழுங்கின. ஆனால் 1943இன் மழைக்காலத்தில் பரவிய காலராவைக் குறித்து ஆசிரியர் மேலும் படித்த பிறகு, கதை வேறு பக்கம் திரும்பியது. கைதிகளிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாதென்று அவர்கள் கண்டிப்போடு இருந்தனர். தொழிலாளர் கொட்டகைகளில் அப்படிச் சொல்லவோ, சொன்னதை நடத்திக்காட்டவோ பெரும்பாலும் ஆளில்லை. திருத்திய பிரதியில் அவன் ஓடவில்லை. நாள் முழுதும் மண் சுமந்த பிறகு, நனைந்த மூங்கிலில் தீ மூட்டி, இரவெல்லாம் அது அணையாமல் காத்து, பக்கத்தில் கிடக்கும் இருவருக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கிறான். பார்ப்பவர் எவரும் அதை வீரம் என்று சொல்லமாட்டார்கள். தூக்கத்தை இழப்பதே உயிரை இழப்பதாக இருந்த இடத்தில் அவன் தூக்கத்தைக் கொடுத்தான் என்பதை, வாசகர் தாமாகவே உணர்ந்துகொள்ளும்படி ஆசிரியர் எழுதியிருந்தார்.

கடிகாரம், உணவு, பணம் ஆகியவற்றைக் குறித்து நான் கேட்கும் கேள்விகளைச் சில எழுத்தாளர்கள் வெறும் சரிபார்ப்பு என்று எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் உணர்ச்சி பிறக்கும் இடமே அதுதான். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் கடிகாரம் டோக்கியோ நேரத்தோடு ஒத்துப்போகும்படி ஒன்றரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. ஆகவே ஆறு மணிக்கு அவள் எழுந்தாள் என்றால் வெளியே நல்ல இருட்டு. அரிசி இறக்குமதி சுருங்கியதால் சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு; எனவே பிள்ளைக்காக அவள் ஒளித்து வைக்கும் ஒரு பிடி அரிசி சாதாரணப் பொருளன்று. கணவன் திரும்பும் நாளுக்காக அவள் வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகளைச் சேர்க்கிறாள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்து, செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அவை வெறும் காகிதமாகிவிடும் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்த அறியாமையைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் என் பணியில் மிகக் கடினமான பகுதி. போர் முடியும் நாளை எழுத்தாளர் அறிந்திருப்பதாலேயே பாத்திரங்களுக்கும் ஒரு நிம்மதி தொற்றிக்கொள்கிறது. அந்த நிம்மதி தெரியும் வரிகளையெல்லாம் நான் அடிக்கோடிடுகிறேன்.

முடிவைப் பற்றி எங்களுக்குள் நீண்ட உரையாடல் நடந்தது. கணவன் திரும்ப வேண்டும் என்று நானும் விரும்பினேன். திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள் என்பதால் அது வரலாற்றுக்கு முரணாகாது. ஆனால் முழு உடலோடும் பழைய பேச்சோடும் அவனைக் கொண்டுவருவதற்கு அதுவரை எழுதிய பக்கங்கள் இடம் கொடுக்கவில்லை. ஆசிரியர் அவனை உயிரோடு கொண்டுவந்தார். புண்ணாறாத காலோடும், தண்ணீர் கொதிக்கும் வரை பானையருகே நின்று பார்க்கும் பழக்கத்தோடும். அவனோடு வாழ அவள் மறுபடி பழகவேண்டியிருந்ததற்கு மேலும் இரண்டு அத்தியாயங்கள் தேவைப்பட்டன. பக்கக் கூடுதலை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

இப்போது என் மேசையில், 1942இல் பர்மாவிலிருந்து மலைவழியாக மணிப்பூருக்கு நடந்துவந்தவர்களைப் பற்றிய ஒரு பிரதி இருக்கிறது. அதன் ஆசிரியருக்கு முதற்கட்டமாகச் சில கேள்விகளை அனுப்பியிருக்கிறேன்: அந்தக் குடும்பம் புறப்படும்போது எதை எடுத்துக்கொண்டது, வழியில் முதலில் எதைக் கைவிட்டது, நடக்க முடியாத கிழவியை யார், எதற்கு ஈடாகத் தூக்கினார்கள்?