பால் படிந்த தகடுகள்

நவம்பர் 9
மழை. கண்ணாடித் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் படலம் வேண்டும். ஏழாவது தகடும் பால் மாதிரி வெள்ளை.

நவம்பர் 10
கரைசல் குப்பியில் இருக்கும்போது வெறும் தண்ணீர் மாதிரித்தான் இருக்கிறது. 254 நானோமீற்றர் புறவூதா விளக்கைப் பிடித்தால் செம்பருத்திச் சிவப்பு. உள்ளே இருப்பது யூரோப்பியம் சேர்த்த யிட்ரியம் வனடேற் என்ற ஒளிரும் பொருள், 619 நானோமீற்றர் அலைநீளத்தில் அதன் சிவப்புக் கோடு. அதையே கண்ணாடியில் விட்டு நிமிடத்துக்கு 2000 சுற்றில் சுழற்றினால் மூடுபனி. 10 நானோமீற்றர்த் துணிக்கைப் பொடியன்கள் தனித்தனியே நிற்கும்வரை தொல்லையில்லை. எட்டுப் பேர் சேர்ந்து உருண்டால் விட்டம் இரட்டிக்கும், அந்த உருண்டை சிதறடிக்கும் ஒளி தனியாளுடையதைப் போல 64 மடங்கு. அவை ஒட்டாமல் தடுக்கும் சித்திரேற்றைக் கூட்டிப் பார்த்தேன்.

அம்மாவின் கண் ஒப்பரேஷன் திகதியை மறுபடியும் தள்ளிவிட்டார்கள்.

நவம்பர் 11
கரண்ட் இல்லை.

நவம்பர் 13
கல்லடிப் பாலத்தில் ஆட்டோவுக்குள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எதிரில வாற லைட்டெல்லாம் பூப்பூவா விரியுது மனே.” இரவு தூக்கம் வராமல் வாசித்தேன். கண்வில்லைக்குள் புரதம் திரண்டு ஒளியைச் சிதறடிப்பதுதானாம் கண்புரை. வாசித்திருக்கக் கூடாது. இனி ஒவ்வொரு தகட்டையும் தூக்கிப் பார்க்கும்போது அம்மாவின் கண்தான் தெரியும். இவ்வளவுக்கும் அவர் இன்னும் மீன் முள்ளைக் கையால் தடவியே எடுத்துத் தருகிறார், எனக்கு!

நவம்பர் 14
எட்டு, ஒன்பது. பால்.

நவம்பர் 16
500 பாகையில் சுட்டால் சித்திரேற் எரிந்துபோகும், துணிக்கையின் பளிச்சும் கூடும். ஆனால் சூட்டில் அவை ஒட்டி வளர்ந்துவிடும். பளிச்சு வேண்டுமா, தெளிவு வேண்டுமா என்று உலை கேட்கிறது. சரி, சிலிக்காக் கரைசலைக் கலந்து விடுவோம். இடையில் சுவர் மாதிரி நிற்கட்டும்.

நவம்பர் 18
பதினோராவது தகட்டைப் பழைய பேப்பரின் மரண அறிவித்தல் பக்கத்தில் வைத்தேன். ஒரு எழுத்தும் மங்கவில்லை. கண்ணாடி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். அறையை இருட்டாக்கி விளக்கைப் போட, பக்கம் முழுக்க மெல்லிய சிவப்பு. மெல்லியது, ஆம். இன்னும் இரண்டு அடுக்கு வேண்டும்.

வந்தாறுமூலை ஆய்வுகூடத்திலிருந்து பஸ்ஸில் சட்டைப் பையில் வைத்தே கொண்டுவந்தேன். அம்மா வெளிச்சத்தில் பிடித்து, “இதில என்ன இருக்கு?” என்றார். விளக்கு வீட்டுக்கு வராது. அந்தக் கதிர் கண்ணுக்கு ஆகாது.

நவம்பர் 19
எதுவும் செய்யவில்லை.

நவம்பர் 21
ஆஸ்பத்திரியிலிருந்து கோல் வந்தது. நாளைக் காலை ஆறரைக்கு அம்மாவைக் கூட்டிவரட்டாம். பதினான்காவது தகடு உலையில் கிடக்கிறது. அதை வெளியே எடுக்க ஆள் பிடிக்க வேண்டும்.