மஞ்சளுக்குக் காப்புரிமையா?
சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டு வந்தால் பாட்டி மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடுவார். அந்த மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லி 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கிவிட்டது, நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. நினைத்தாலே கோபம் வருகிறது.

சரி, அது பல்கலைக்கழகம். மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் என்ன செய்தது? ரத்தப் புற்றுநோய் மருந்தான க்ளிவெக்கின் படிக வடிவத்துக்கு, அதாவது ஏற்கெனவே தெரிந்த மருந்துப் பொருளின் இன்னொரு வடிவத்துக்கு, இங்கே காப்புரிமை கேட்டு நம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-ல் தோற்றது. இந்த மருந்து நிறுவனங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப என்னால் முடியாது.

அதற்காக அம்மாவின் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன், அது டாக்டர் சொன்னபடிதான். சளி பிடித்தால் மட்டும் கொல்லையில் இருக்கும் தூதுவளையைப் பறித்து ரசம் வைக்கிறோம்.