எதிர்வீட்டுக்காரருக்கு விழுந்த எல்க் சீட்டு

மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் செல்போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கிரெடிட் கார்டில் 135 டாலர் கழிந்திருந்தது. யாராவது திருடியிருப்பார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மனுஷன் முகத்திலோ கல்யாணக் களை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட, டேக் என்கிற அனுமதிச் சீட்டைக் குலுக்கலில் கொடுக்கிறார்கள். வனவிலங்குத் துறை குலுக்கல் முடிவை வெளியிடும் முன்பே டேக் விழுந்தவர்களின் கார்டில் பணத்தை எடுத்துவிடும். அதனால் இங்கே வேட்டைக்காரர்கள் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை, கார்டு கணக்கைத்தான் திறந்து திறந்து பார்க்கிறார்கள்.

அவருக்கு விழுந்தது ஒன்பதாம் யூனிட்டில், அதாவது வேட்டைக்காகப் பிரித்த பகுதிகளில் ஒன்றில், ஆண் எல்க், செப்டம்பர், வில் வேட்டை. கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கே டுசாயன் ஊரைச் சுற்றியுள்ள காடு அது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இந்தச் சாண்ட்லர் ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து பிப்ரவரி மாதமானால் இந்தப் பேச்சுதான்.

குலுக்கல் கணக்கு நம் ஊர் ஏலச்சீட்டை விடச் சிக்கல். டேக் விழாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு போனஸ் பாயிண்ட் சேரும். மொத்த டேக்கில் 20 சதவீதம் அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு முதலில் போய்விடும். மீதிக்கு, ஒவ்வொரு பாயிண்டுக்கும் கம்ப்யூட்டர் ஒரு எண் போடும். ஒருவருக்கு வந்த எண்களில் எது சிறியதோ அதுதான் அவர் எண். சிறிய எண்காரருக்கு முதல் வாய்ப்பு. ஆக, பாயிண்ட் குவிந்தால் வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது. வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அவர்களுக்கு டேக் விலையும் 650 டாலர்.

உள்ளூர்க்காரருக்கு வெறும் 135. ஆனால் அந்தச் சீட்டோடு காட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோக ஒரு அவுட்ஃபிட்டரை, அதாவது வேட்டை ஏற்பாட்டாளரை, அமர்த்தினால் அதைப்போல அறுபது மடங்கு ஆகும். ஏழெட்டாயிரம் டாலரில் ஆரம்பிக்கிறது; ஒரு வேட்டைக்காரருக்கு ஒரு கைடு, கூடாரம், சாப்பாடு என்று போனால் பத்துப் பன்னிரண்டாயிரம். நான்கு மணி நேரம் கார் ஓட்டினால் போய்விடக்கூடிய பொதுக் காட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று நான் கேட்டேன். "இந்த டேக் எனக்கு இன்னொரு தடவை விழுவதற்குள் முழங்கால் போய்விடும்" என்றார். அவர் மனைவி மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டார். கிச்சன் மாற்றுவதற்கு வைத்திருந்த பணம் என்று என் மனைவி அப்புறம் சொன்னாள்.

இந்த இடத்தில் வேட்டையா, பாவமில்லையா என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நானும் கேட்டவன்தான். 1972-க்குப் பிறகு சட்டமே வேட்டையை மூடிவிட்ட நாட்டிலிருந்து வந்தவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஆனால் அரிசோனாவின் சொந்த எல்க் இனம் கண்மண் தெரியாமல் சுடப்பட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இல்லாமல் போய்விட்டது. இன்றைக்கு இருக்கிற மந்தைகளுக்கு மூலம் 1913-இல் யெல்லோஸ்டோனிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்ட 83 எல்க்குகள். அவற்றைப் பெருக்கியதில் வேட்டைக்காரர்களின் கட்டணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1937 சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரியும் மாநில வனவிலங்குத் துறைகளுக்குத்தான் போகிறது. இந்த ஏற்பாடு எனக்கு முழுக்கப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எண்ணிப் பார்த்துத்தான் சீட்டுக் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

அவுட்ஃபிட்டர் தேடும் வேலை எங்கள் வீட்டுப் பின்கட்டில் நடந்தது. அவர் ஸ்பீக்கரில் பேசுவார், நான் லேப்டாப்பில் குறித்துக்கொள்வேன். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே "350 அங்குலம் உறுதி" என்றார். கொம்பின் கிளைகளையும் சுற்றளவையும் இடைவெளியையும் அளந்து கூட்டிச் சொல்லும் கணக்கு அது. வில் வேட்டைக்காரர்களின் பதிவேட்டில் ஏற 260 போதும். எந்த ஆயுதத்தால் அடித்ததையும் சேர்க்கும் பெரிய புத்தகத்தில் ஏற 360 வேண்டும். காட்டில் தன் பாட்டுக்குத் திரிகிற மிருகத்தை அங்குலக் கணக்கில் உறுதி தருகிறவரிடம் என்ன பேசுவது? முன்பணத்தை அன்று மாலைக்குள் அனுப்பச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் மரியாதையாக வணக்கம் சொல்லி வைத்துவிட்டார்.

இன்னொருவர் நல்ல மாதிரி, விலையும் குறைவு. ஆனால் வேட்டை நடக்கும் அந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேரைக் கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்டதும் பேச்சு இழுத்தது. கடைசியில் பார்த்தால் அவர் வரமாட்டார், அவர் அமர்த்திய பையன்கள் வருவார்கள். அந்தப் பையன்கள் ஒன்பதாம் யூனிட்டில் எத்தனை சீசன் பார்த்தவர்கள் என்பதற்குப் பதில் இல்லை.

நாங்கள் பிடித்துக்கொண்ட ஆள் நம்மைக் கேள்வி கேட்ட ஆள். வில்லில் எத்தனை கெஜம் வரை நிச்சயமாக அடிப்பீர்கள்? உட்கார்ந்துகொண்டு அடித்துப் பழகியதுண்டா? முழங்கால் ஒரு நாளைக்கு எத்தனை மைல் தாங்கும்? முதல் நாள் ஒரு சுமாரான ஆண் எல்க் எதிரே நின்றால் விடுவீர்களா, அடிப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு எதிர்வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்து, "அடிப்பேன்" என்றார். "அப்படியானால் வேலை சுலபம்" என்றது மறுமுனை.

ஜூலையிலிருந்தே அந்தக் காட்டில் இருப்பேன் என்றும் சொன்னார். முன்பெல்லாம் மாடுகளுக்குத் தண்ணீர் தேக்கும் குட்டைகளைச் சுற்றி கைடுகள் மரத்துக்கு மரம் கேமரா கட்டி வைப்பார்கள். எந்த ஆண் எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். வேட்டைக்காக அப்படிக் கேமரா வைப்பதை அரிசோனா 2022 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. அதன்பிறகு காலும் கண்ணும்தான். பணம் எதற்கு என்ற என் கேள்விக்கு அந்த ஃபோனில்தான் பதில் கிடைத்தது. அவர் விற்பது செப்டம்பரின் அந்தச் சில நாட்களை அல்ல, அதற்கு முந்தைய இரண்டு மாத அலைச்சலை.

உங்களில் யாருக்காவது இப்படி ஆள் பிடிக்க வேண்டி வந்தால், மாநிலம் தரும் கைடு உரிமத்தோடு அந்தத் தேசியக் காட்டில் தொழில் செய்ய மத்திய அரசு வனச்சேவையின் அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. அப்புறம், பழைய வாடிக்கையாளர்களின் நம்பர் கேட்டால் பெரிய கொம்போடு படம் எடுத்துக்கொண்டவர்களைத்தான் கொடுப்பார்கள். வெறுங்கையோடு திரும்பியவரின் நம்பரைக் கேளுங்கள். எங்கள் ஆள் தயங்காமல் கொடுத்தார். அந்த மனிதர் ஃபோனில் அரை மணி நேரம் பேசி, "மழை எங்களைக் கெடுத்தது, ஆனால் ஒரு நாள்கூட அவர் சோர்ந்து உட்காரவில்லை" என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அதுவே போதுமாக இருந்தது. பாதிப் பணம் முன்பணம், திரும்பி வராது. உடம்புக்கு முடியாமல் போனால் டேக்கைத் திருப்பிக் கொடுத்துப் பாயிண்டைக் காப்பாற்ற, விண்ணப்பத்தோடு 5 டாலர் கட்டி ஒரு பாதுகாப்பு வாங்கலாம். அதை அவர் வருஷாவருஷம் தவறாமல் கட்டியிருந்தார்.

மற்ற மாநிலங்களில் கதை வேறு. வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் வனாந்தரம் என்று அறிவித்த பகுதிகளில் எல்க் வேட்டையாட வேண்டுமென்றால் கைடோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் நுழையவே முடியாது. நியூ மெக்சிகோவில் பாயிண்ட் முறையே கிடையாது. ஆனால் குலுக்கலில் 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கென்று தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அரிசோனாவில் இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, சலுகையும் இல்லை. டேக் விழுந்த பிறகுதான் கைடு.

செப்டம்பரில் நானும் கிளம்பினேன். கேமராவோடு வேடிக்கை பார்க்க வருபவருக்கும் நாள் கட்டணம் உண்டு என்பது தெரிந்ததும் மனைவி ஒரு மாதிரி பார்த்தாள். ஃபிளாக்ஸ்டாஃபைத் தாண்டி வாலே வழியாக வடக்கே ஏறினால் சோனோரன் பாலைவனத்தின் கள்ளிகள் எங்கே போயின என்றே தெரியாது. டுசாயன் ஆறாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேலே. பாண்டரோசா பைன் மரங்கள். வெயில் ஏறினால் பட்டையில் வனிலா வாசம் வரும்.

கைடு எங்களை விடிகாலை மூன்றரைக்கு எழுப்பினார். வண்டியில் கொஞ்ச தூரம் போவது, என்ஜினை அணைப்பது, கதவைச் சத்தமில்லாமல் திறந்து வெளியே நிற்பது, காது கொடுப்பது. மறுபடி கொஞ்ச தூரம். குளிரில் என் பல் அடித்துக்கொண்டது. மூன்றாவது நிறுத்தத்தில் கேட்டது. இனச்சேர்க்கைக் காலத்து ஆண் எல்க்கின் குரலை முந்நூறு கிலோ மிருகத்தின் குரல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அடித்தொண்டையில் ஆரம்பித்து, விசில் போல மேலே மேலே ஏறி, உச்சியில் நின்று, கடைசியில் நாலைந்து உறுமலாக உடைகிறது. கைடு ஒரே நிமிடத்தில் இருளுக்குள் கையைக் காட்டிக்காட்டி, அங்கே ஒன்று, அதோ அங்கே வயதானது, இது சின்னது, என்று பிரித்துவிட்டார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது.

அவர் இடுப்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. நிமிடத்துக்கு ஒரு தரம் அழுத்துவார். வெள்ளைப் பொடி புகைபோல வெளியே வந்து காற்று போகும் பக்கம் நகரும். அந்தப் பொடி மிருகத்தின் பக்கம் போனால் அன்றைய திட்டம் காலி. எத்தனை முறை அப்படிக் காலியானது என்று எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

காட்டின் வடக்கு ஓரத்தில் தேசியப் பூங்கா எல்லை. உள்ளே வேட்டை கிடையாது என்பது எல்க்குகளுக்குத் தெரியும் என்று சத்தியம் செய்வார்கள் இங்கே. பூங்காவுக்குள் சுற்றுலாப் பயணிகள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் குழாயை மூக்கால் தள்ளித் திறந்து குடிக்கப் பழகிய எல்க்குகளே இருந்திருக்கின்றன. எங்கள் கைடு எல்லைப் பக்கமே போகவில்லை. அம்பு பட்ட விலங்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டால் ரேஞ்சர், பேப்பர், தலைவலி. அங்கே ஒரு பெரிய கொம்பனை பைனாகுலரில் பார்த்து எதிர்வீட்டுக்காரர் கெஞ்சினார். கைடு மசியவில்லை. அவர் வாங்கிய காசுக்கு அந்த ஒரு மறுப்பே நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

அடித்த நேரத்தை நான் பார்க்கவில்லை. ஒரு ஜூனிபர் புதருக்குப் பின்னால் என்னை உட்கார வைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு இருவரும் முன்னே போய்விட்டார்கள். மாலை நேரம். கைடு பெண் எல்க் போல மியாவ் என்பதற்கும் முனகலுக்கும் இடைப்பட்ட ஒரு சத்தம் கொடுத்தார். பதில் வந்தது, கிட்டத்தில். மூத்திரமும் சேறும் கலந்த முரட்டு வாடை காற்றில் வந்தது. கிளை முறிந்தது. வில் நாண் விடுபடும் சத்தம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. அப்புறம் குளம்படிகள்.

38 கெஜம் என்றார்கள். உடனே பின்தொடரவில்லை, ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைத்தார் கைடு. எதிர்வீட்டுக்காரருக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். ரத்தத் துளிகளைப் பின்பற்றிப் போனதில் நூற்றைம்பது கெஜத்துக்குள் விழுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஆறு ஆறு கிளை. கைடு டேப் வைத்து 310-க்குப் பக்கம் என்றார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதன்பிறகுதான் உண்மையான உழைப்பு. தலைவிளக்கு வெளிச்சத்தில் தோலை உரித்து, நான்கு கால்களையும் தனித்தனியாகப் பிரித்து, துணிப் பைகளில் போட்டு, முதுகுச் சட்டத்தில் கட்டி வண்டி வரைக்கும் சுமக்க வேண்டும். ஆண் என்பதற்கான அடையாளத்தை இறைச்சியோடு விட்டுவைக்க வேண்டும், சோதனையில் கேட்பார்கள். தின்னக்கூடிய இறைச்சியை வீணாக்கினால் அது தனிக் குற்றம். நான் ஒரு முன்னங்காலைச் சுமந்தேன். கைடு ஒரு பின்னங்காலை, முப்பது கிலோவுக்குக் குறையாது, தூக்கிக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தார்.

கடைசி இரவு டிப் எவ்வளவு என்று எங்களுக்குள் குசுகுசு. ஒப்பந்தத்தில் எங்கும் இருக்காது. பத்து முதல் பதினைந்து சதவீதம் என்பது வழக்கம், சமையல்காரருக்குத் தனி. ஆயிரக்கணக்கில் வாங்கிய பிறகும் டிப்பா என்று நான் முறைத்தேன். எதிர்வீட்டுக்காரர் இரவில் சுமந்த அந்தப் பின்னங்காலைக் காட்டி என் வாயை அடைத்துவிட்டுப் பதினைந்து கொடுத்தார்.

டேக் விழுந்தால் சேர்த்த போனஸ் பாயிண்ட் பூஜ்யமாகிவிடும். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்ததற்கும், விடாமல் விண்ணப்பித்ததற்கும் தரும் பாயிண்ட் மட்டும் மிஞ்சும். அடுத்த பிப்ரவரியில் அவர் மறுபடி கிட்டத்தட்ட அடியிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை மனைவி பெயரிலும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார். அந்த அம்மாள் கிச்சன் முதலில், வில் அப்புறம் என்று நிபந்தனை வைத்திருக்கிறாராம்.