ஊசியில் வராதது

ஏப்ரல் 2, புதன்

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. இடுப்பு. ஒரு குறையும் இல்லை என்றார்கள். கண் விழித்து என்னைப் பார்த்ததும் அம்மாவின் பெயரைச் சொன்னார்.

ஏப்ரல் 3, வியாழன்

பகலெல்லாம் நன்றாகத்தான் இருந்தார். கஞ்சி பாதி குடித்தார். தம்பியிடம் காரை எங்கே நிறுத்தினாய், மணிக்கு எவ்வளவு என்று விசாரித்தார். அதுதான் அப்பா. ஆறரை மணிக்கு மேல் வேறு ஆளாகிவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஆள் நிற்கிறான், தள்ளிப் போகச் சொல், பெட்டி இறங்குது என்று கத்த ஆரம்பித்தார். சிங்கப்பூர்த் துறைமுகத்தில், தஞ்சோங் பகாரில், அந்தக் காலத்தில் கப்பல் பெட்டிகளை இறக்கிய கிரேன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. "பெலான் பெலான்", மெதுவாக மெதுவாக என்று மலாய், அப்புறம் தமிழ், மறுபடியும் மலாய். மியன்மார்த் தாதி ஓடி வந்து அங்கிள் அங்கிள் என்று கையைப் பிடிக்கப் போக, டிரிப் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். விரிப்பெல்லாம் ரத்தம்.

இரவு டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். இது டெலிரியம், திடீரென்று வரும் மனக்குழப்பம், இந்த வயதில் இடுப்பு அறுவைக்குப் பிறகு நிறையப் பேருக்கு வரும், பொழுது சாய்ந்தால் கூடும், விடிந்தால் குறையும். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காது மெஷினை மாட்டிவிடுங்கள், இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வார் என்றால் மட்டும் மருந்து. இன்று மருந்து தேவைப்பட்டது. ஹாலோபெரிடால், துளி அளவு.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

ஏப்ரல் 4, வெள்ளி

தம்பி மகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: "அத்தை, செரீன், டிராங்குவில், ரெண்டும் ஒண்ணுதானா? எதை எங்க போடறது?" தொடக்கநிலை ஆறு, இந்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, வாரா வாரம் ஓர் ஆங்கிலச் சொற்பட்டியல் வருகிறது. தாத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் இதைக் கேட்டாள், நல்ல பிள்ளை.

வார்டில் வேறு என்ன வேலை. உட்கார்ந்து யோசித்தேன். தமிழில் இரண்டும் அமைதிதான். ஏரியை டிராங்குவில் என்பார்கள், கிராமத்தை, தோட்டத்தை, மத்தியான நேரத்தை. செரீன் என்று இடத்தையும் சொல்வதுண்டு, ஆனால் முகத்துக்கும் புன்னகைக்கும் அதுதான் பொருந்தும். டிராங்குவில் புன்னகை என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. லத்தீனில் செரீனஸ் என்றால் மேகம் இல்லாத வானம். டிராங்குவில்லுஸ் கடலுக்கும் காற்றுக்கும் சொன்ன சொல், அலை எழாமல் கிடப்பது. ஒன்று தெளிவு, மற்றது அசைவில்லாமை. மொனாக்கோ இளவரசரை இன்றைக்கும் ஹிஸ் செரீன் ஹைனஸ் என்றுதான் அழைக்கிறார்கள், அது வேறு கதை, அவளுக்கு அனுப்பவில்லை.

அவளுக்கு எழுதியது இவ்வளவுதான்: யாரும் தொந்தரவு பண்ணாமல் இருந்தால் அது டிராங்குவில். தொந்தரவு இருக்கும்போதும் ஒருத்தர் கலங்காமல் இருந்தால் அவர் செரீன். கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

அனுப்பிவிட்டு அப்பாவைப் பார்த்தேன். மருந்தில் தூங்குகிறார். புருவம் இரண்டும் முடிச்சுப் போட்டிருக்கிறது. வாய் கோணலாகத் திறந்திருக்கிறது. கன்னத்தில் தசை மட்டும் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

இன்று தம்பி இருக்கிறான், நான் வீட்டுக்கு வந்தேன். புளோக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அரை நிலா உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே. அந்தப் பாதியில்தான் இரண்டு கடலும் இருக்கின்றன. செரினிட்டி ஒரு கடல், டிராங்குவிலிட்டி ஒரு கடல், பக்கத்துப் பக்கத்தில், நடுவே ஒரு குறுகல். பள்ளியில் படித்தது, இத்தனை வருஷம் கழித்து இப்போது ஞாபகம் வருகிறது.

பெயர் வைத்தவர் ரிச்சியோலி, இத்தாலியப் பாதிரியார், 1651இல் அச்சிட்ட வரைபடத்தில். நிலாதான் பூமியின் வானிலையை மாற்றுகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அதனால் வளர்பிறையில் முதலில் வெளிச்சம் படும் பக்கத்துக்கு நல்ல வானிலையின் பெயர்கள், மற்றப் பக்கத்துக்கு மழைக்கடல், மேகக்கடல், புயல் பெருங்கடல். அவருக்கும் இது இரண்டும் ஒன்றில்லை பார்த்தீர்களா. தெளிந்த வானம் ஒரு கடல், அடங்கிய தண்ணீர் இன்னொரு கடல். ஒன்றே என்றால் ஒரே பெயரை வைத்துவிட்டுப் போயிருப்பார்.

உண்மையில் இரண்டுமே கடல் இல்லை. எரிமலைக் குழம்பு ஓடி இறுகிய பாறை. செரினிட்டி வட்டமாக, ஓரம் தெரியும்படி இருக்கிறது. டிராங்குவிலிட்டிக்கு ஒழுங்கான உருவம் இல்லை, டைட்டானியம் கலந்த பாறை என்பதால் லேசான நீலம் அடிக்கும். வெறும் கண்ணுக்கு நீலம் தெரியாது, நான் தேடிப் பார்த்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று ராத்திரியும் மருந்து.

ஏப்ரல் 7, திங்கள்

கையுறை மாட்டிவிட்டிருக்கிறார்கள். குத்துச்சண்டைக்காரர் போடுவது மாதிரி உருண்டையாக, வெள்ளையாக, விரல் எதுவும் வெளியே வராது. டியூபைப் பிடுங்காமல் இருக்க. காரணம் புரிகிறது, கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஆனாலும் அவர் அந்த இரண்டு உருண்டைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்க்க முடியவில்லை. முப்பது டன் பெட்டியைக் கப்பலின் இடுக்கில் நூல் பிடித்தாற்போல் இறக்கிய கை. காற்று கூடினால் கருவி சொல்வதற்கு முன்னால் தனக்குத் தெரியும் என்பார். சுமத்ராப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் வருமே அந்தக் காற்று மழை, அது வருவதற்கு முன் தண்ணீர் ஒரு மாதிரி தட்டையாகக் கிடக்குமாம். மேலிருந்து பார்த்தால் கண்ணாடி. புதிதாக வந்த பையன்கள் ஆகா கடல் எவ்வளவு சாந்தமாக இருக்கு என்பார்களாம். இவர் பெட்டியை இறக்கிவிட்டு இறங்க ஆயத்தமாகிவிடுவாராம்.

அதைத்தான் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அடங்கிய தண்ணீரை நம்பக் கூடாது என்று அவருக்குத் தெரியும், இப்போது அவரையே அப்படிக் கிடத்தியிருக்கிறார்கள்.

மருந்தைப் பற்றித் தேடப் போய் வேறு எங்கோ போய்விட்டேன். ஹாலோபெரிடால் வகை மருந்துகளை முன்பு மேஜர் டிராங்குவிலைசர் என்று சொன்னார்களாம். 1955இல் அமெரிக்காவில் மில்டவுன் என்று ஒரு மாத்திரை வந்து, ஜனங்கள் மருந்துக்கடையில் வரிசை கட்டி வாங்கியிருக்கிறார்கள், டிராங்குவிலைசர் என்ற சொல் வீட்டுக்கு வீடு போனது அப்போதுதான். ஆனால் சொல் அதற்கும் பழையது. பெஞ்சமின் ரஷ் என்று ஒரு டாக்டர், பிலடெல்பியாக்காரர், 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். மனநோய் உள்ளவர்களுக்காக அவர் ஒரு நாற்காலி செய்தார், 1811இல் அதன் படம் அச்சில் வந்திருக்கிறது. நெஞ்சுக்கு வார், இரண்டு கைக்கும் வார், கால்களைப் பலகையில் பூட்டு, தலையை மூடி ஒரு மரப்பெட்டி, உட்காரும் இடத்துக்குக் கீழே வாளி. மூளைக்கு ரத்தம் அதிகமாகப் பாய்வதால்தான் பைத்தியம் வருகிறது, அசைவை நிறுத்தினால் ரத்தம் தணியும் என்று நம்பினார். கட்டுச்சட்டை போடுவதைவிட இது கருணையானது என்றும் நினைத்தார். அந்த நாற்காலிக்கு அவர் வைத்த பெயர் டிராங்குவிலைசர்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதான் பயமாக இருக்கிறது. இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. தாதிகள் ராத்திரி முழுக்க ஓடுகிறார்கள், ஒருத்தி அப்பாவின் கையுறையை அவிழ்த்து, விரல் இடுக்குகளைத் துடைத்து, பவுடர் போட்டு மறுபடி மாட்டினாள், அவ்வளவு பதமாக.

ஆனால் ஒன்று கவனித்தேன். டிராங்குவில் ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொல் இருக்கிறது, நாற்காலி இருந்தது, மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. செரீன் ஆக்கப் புழக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. செரினைசர் என்று ஒரு மருந்தை யாரும் விற்கவில்லை. வெளியிலிருந்து ஒருவருக்குக் கொடுக்க முடிந்தது முதலாவதை மட்டும்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தம்பியோடு சண்டை. லிஃப்ட் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில், அது இன்னும் மோசம். "தூங்கட்டும்க்கா, அமைதியா இருந்தா போதும்" என்கிறான். எனக்குப் போதாது. அப்படிச் சொன்னேன். நீ பகலில் வந்து போகிறாய், ராத்திரி இங்கே இல்லை என்றும் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்கும் இரவு வேலை, கண் சிவந்திருக்கிறது. கோப்பி வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

பிறகு தாதித் தலைவியிடம் கேட்டேன். குடும்பத்தார் யாராவது பக்கத்தில் இருக்கும்வரை கையுறையைக் கழற்றி வைக்கலாமாம். கேட்டதும் சரி என்றார். இனி நான் இருக்கும் நேரமெல்லாம் கழற்றித்தான்.

ஏப்ரல் 9, புதன்

கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கிழமை சொன்னேன். புதன், அப்பா. புதன். ஆசுபத்திரி. இடுப்பு. நான்தான். ஒன்பது மணிக்கு "புதனா?" என்றார்.

மருந்து இல்லாமல் விடிந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். ஈசூன் முருகன் கோவிலுக்கு ஒரு எட்டுப் போய் வந்தேன், அம்மா இருந்தவரை விட்டதில்லை. தம்பி மனைவி பால்குடம் எடுத்தாள். நாதஸ்வரம், தவில், அரோகரா, ஒலிபெருக்கியில் யாருடைய வாகனத்தையோ எடுக்கச் சொல்லி அறிவிப்பு, குழந்தைகள் அழுகை, அத்தனை சத்தம். அதற்கு நடுவே காவடி எடுத்த ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கன்னத்தில் அலகு. மார்பில் வியர்வை வழிகிறது. கண் பாதி மூடியிருக்கிறது, நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. கூட்டம் இடித்தது, அவர் மனைவி எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் தண்ணீர் என்று யாரையோ கூப்பிட்டாள், அவர் முகம் அப்படியே இருந்தது.

அந்த இடத்தில் டிராங்குவில் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. அவர் முகம் செரீன். சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்து, பார், இதுதான், இதை எழுது என்றேன். "கட்டுரையிலயா அத்தை?" என்றாள். ஆமாம், கட்டுரையில்தான்.

விபூதி கொண்டுவந்து அப்பாவுக்குப் பூசினேன். முகர்ந்து பார்த்தார்.

ஏப்ரல் 12, சனி

நாளை காலையில்தான் பௌர்ணமி, ஆனால் இன்றைக்கே முழுசாகத் தெரிகிறது. ஏழு மணி வாக்கில் வார்டு ஜன்னலில், கார்நிறுத்த மாடிக்கு மேலே எழும்பியது. அப்பாவின் கட்டிலை நிமிர்த்தி, கண்ணாடி போட்டுவிட்டு, காட்டினேன். நம் ஊரில் நிலா கிழக்கே ஏறும்போது படுத்துக்கொண்டு ஏறும், படங்களில் இருப்பது போல நிமிர்ந்து இருக்காது. டிராங்குவிலிட்டி மேலே இருந்தது, செரினிட்டி அதற்குக் கீழே இடப்பக்கமாக.

அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், கேட்கிறாரா இல்லையா என்று பார்க்காமல். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் இறங்கியது அந்த மேலே இருக்கிற கடலில். எரிபொருள் தீர்ந்துகொண்டே வருகிறது, பார்த்து வைத்த இடத்தில் பாறைகள், கணினி எச்சரிக்கை மேல் எச்சரிக்கை கொடுக்கிறது. நிமிஷத்துக்கு 150 தடவை அடித்தது அவர் இதயம், பூமியில் உட்கார்ந்து பதிவு பண்ணியிருக்கிறார்கள். குரலில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இறங்கியதும் அந்த இடத்துக்கு டிராங்குவிலிட்டி பேஸ் என்றே பெயர் சொல்லிவிட்டார். இடம் டிராங்குவில்தான், அங்கே காற்றே இல்லையே, எது அசையும். அந்தக் குரலுக்குத்தான் மற்றச் சொல் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. செரினிட்டியின் ஓரத்துக்கு 1972 டிசம்பரில் அப்போலோ 17 போனது. அதற்கப்புறம் மனிதக் கால் நிலாவில் படவில்லை.

"1972ல பெட்டித் துறைமுகம் திறந்தாங்க" என்றார் அப்பா.

ஆமாம்ப்பா. 1972தான். தஞ்சோங் பகாரில்.

"காத்து இல்லன்னா வேலை சுளுவுன்னு நினைப்பானுங்க." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி இருக்கா?"

கொடுத்தேன். குடித்தார். கப்பைத் தானே பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மறுபடியும் கத்தினார். ஒரு மணி நேரம். நேற்று ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. தம்பி மனைவி மாங்காய்ப் பச்சடி டப்பாவில் கொண்டுவந்தாள், வெல்லமும் வேப்பம்பூவும் சரியாக விழுந்திருந்தது. அப்பாவுக்கு நுனி நாக்கில் கொஞ்சம். முகத்தைச் சுளித்தார், இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சின்னவளுக்குச் சொற்பரீட்சை திரும்பி வந்துவிட்டது. ஏரிக்கு டிராங்குவில் போட்டிருக்கிறாள், சரி. செரீனுக்குத் தானாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஊசி குத்தியிருந்தாலும் அந்த மனிதர் செரீனாக இருந்தார் என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, மதிப்பெண்ணை முழுசாகக் கொடுத்திருக்கிறார். அவரிடம் போய் விளக்கலாமா அத்தை என்று கேட்கிறாள். போய்ச் சொல் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

நடைப்பயிற்சிக்குச் சமூக மருத்துவமனைக்கு மாற்றுவார்களாம், இடம் கிடைத்தால் நாளை, இல்லையென்றால் வெள்ளி, வெள்ளி பொது விடுமுறை என்பதால் அப்போது சனி. எந்த வார்டு, ராத்திரி ஒருவர் தங்க விடுவார்களா, கையுறை விஷயத்தை அங்கே யாரிடம் சொல்வது, இதெல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நாலு மணிக்குள் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். ஆறு ஆகப் போகிறது, அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார், தம்பி இன்னும் வரவில்லை, கண்ணாடியை எங்கே வைத்தேன்