நாற்பது நாள் குழந்தைக்கு என்ன தெரியும்?

சென்ற மாதம் எங்கள் லுத்தரன் சபையில் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். அவள் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. போதகர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி மூன்று முறை தலையில் தண்ணீர் ஊற்றினார். முதல் இரண்டுக்கும் அவள் கண் திறக்கவே இல்லை. மூன்றாவது முறை ஊற்றிய தண்ணீர் வழிந்து காது மடலுக்குள் இறங்கியபோதுதான் முகத்தைச் சுளித்து, பிறகு மறுபடியும் உறங்கிப் போனாள்.

அன்று மாலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கும் அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்தார். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். வேதத்தை ஊன்றிப் படிக்கிறவர். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் வந்து ஜெபிக்கிறவரும் அவர்தான். "தப்பா நினைக்காதீங்க தம்பி. விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்னுதானே வசனம் சொல்லுது? நாற்பது நாள் குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். "எங்க சபை வழக்கம் அண்ணே" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அது பதிலே அல்ல என்று சொன்ன நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்யப்பட்டவற்றை எதிர்த்து எழுந்த சபையில் பிறந்துவிட்டு, கேள்வி வந்தவுடன் வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றிலிருந்து யோசித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

அண்ணனுடைய கேள்வி தண்ணீரின் அளவைப் பற்றியதோ, வயதைப் பற்றியதோ அல்ல. இரட்சிப்பில் மனிதனுடைய பங்கு எது என்பதே அவர் கேட்டது. பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழிவந்த லுத்தரன் திருச்சபையின் போதனை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே கட்டப்பட்டது. 1530 ஜூன் 25 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் 28 பிரிவுகள் உள்ளன. அவற்றில் நான்காவது சில வரிகளே கொண்டது. ஆனால் மற்றவை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. மனிதர் தங்கள் பலத்தினாலோ, தகுதியினாலோ, கிரியைகளினாலோ தேவனுக்கு முன்பாக நீதிமான்களாக முடியாது. கிறிஸ்துவினிமித்தம், விசுவாசத்தின் மூலமாக, இலவசமாகவே நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்பதே அதன் சாரம்.

'நீதிமானாக்கப்படுதல்' என்ற தமிழ்ச் சொல்லில் ஒரு சிக்கல் இருப்பதாக எனக்கு வெகுநாளாகத் தோன்றுகிறது. 'ஆக்குதல்' என்றவுடன், மண்ணைப் பிசைந்து பானையாக்குவதைப் போல, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ மாற்றம் நடந்து, ஒரு நாள் நாம் நல்லவர்களாகி, அதைப் பார்த்துத் தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல்லோ 'எண்ணப்படும்' என்பது. கணக்கில் வைக்கப்படும் என்று பொருள். நீதிமானாக்குதல் என்பதும் நீதிமன்றத்துச் சொல். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் உண்மையாகவே குற்றவாளி, சாட்சிகளில் பொய்யில்லை, இருந்தும் தீர்ப்பு அவனுக்குச் சாதகமாக வருகிறது, ஏனென்றால் தண்டனையை வேறொருவர் சுமந்து தீர்த்துவிட்டார். மாற்றம் பிறகு வருகிறது, வரவும் வேண்டும். ஆனால் தீர்ப்பு அந்த மாற்றத்தை நம்பிக் காத்திருப்பதில்லை. என்னுடைய இரட்சிப்பின் ஆதாரம் எனக்கு வெளியே இருக்கிறது என்று லுத்தர் சொன்னது இந்தப் பொருளில்தான்.

ஆனால் விசுவாசம் என்னுடையதுதானே, அந்த அளவுக்காவது என் பங்கு உண்டல்லவா என்று கேட்கலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன்: தேவன் தொண்ணூற்றொன்பது படி இறங்கி வருகிறார், நூறாவது படியை நான் ஏற வேண்டும், அந்த ஒரு படிக்குப் பெயர் விசுவாசம். திருவிருந்து பெறுமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த, கேள்வி பதிலாக அமைந்த சிறிய ஞானோபதேசத்தைப் பெரியவனானபின் மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் இந்தக் கணக்கு உடைந்தது. 1529-இல் லுத்தர் எழுதிய அந்தச் சிறு நூலில், விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கான விளக்கம், என் சொந்தப் புத்தியினாலோ பலத்தினாலோ இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடத்தில் வரவோ என்னால் முடியாது என்று விசுவாசிக்கிறேன், என்று தொடங்குகிறது. என்னால் விசுவாசிக்க முடியாது என்று விசுவாசிக்கிறேனாம்! பதின்மூன்று வயதில் மூச்சுவிடாமல் ஒப்பித்த வாக்கியம். உபதேசியாரின் பிரம்பு ஞாபகம் இருந்த அளவுக்கு அதன் பொருள் ஞாபகம் இருக்கவில்லை.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துத் திருவஹீந்திரபுரம் வேதாந்த தேசிகர் பல்லாண்டுகள் வாழ்ந்த ஊர். வைணவத்தில் வடகலையார், தென்கலையார் இடையேயான வாதத்தைக் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று இரண்டு உவமைகளில் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை, தாய் அதைக் கவ்விச் சுமக்கிறது. தேசிகர் முதல் பக்கத்தின் ஆசாரியர். லுத்தரை இந்த வாதத்தில் நிறுத்தினால், தயங்காமல் பூனைக்குட்டியின் பக்கம் போய் நிற்பார். 1525-இல், மனிதனுக்குச் சுயசித்தம் உண்டு என்று வாதிட்ட அறிஞர் எராஸ்மசுக்கு எதிராக மனித சித்தத்தின் அடிமைத்தனத்தைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் இதையொட்டியதே. உவமையை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. இரண்டு சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று நான் சொல்லவில்லை. லுத்தருக்குக் கிருபை என்பது தாய்மையின் பொதுவான இயல்பு அல்ல. சிலுவையில் ஒரு நாள் நடந்த காரியம், வார்த்தையாகவும் தண்ணீராகவும் அப்பமாகவும் இன்று என் கைக்கு வந்து சேர்கிற காரியம்.

அப்படியானால் தேவன் எல்லாரையும் ஏன் கவ்வவில்லை என்று கேட்டால், லுத்தரன் சபையிடம் நேரான விடை கிடையாது. இரட்சிக்கப்படுகிறவன் தேவனால் மட்டுமே இரட்சிக்கப்படுகிறான், கெட்டுப்போகிறவன் தன்னாலேயே கெட்டுப்போகிறான் என்று 1577-இல் எழுதப்பட்ட லுத்தரன் விசுவாச ஆவணமான இணக்க அறிக்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. தர்க்கத்துக்கு இது ஒட்டாது. ஒட்டவைப்பதற்காக இரண்டில் ஒன்றைச் செதுக்காமல் விட்டதை நான் பலவீனமாகக் கருதவில்லை.

விசுவாசத்தை மனிதனுடைய சாதனையாக்கினால் என்ன நடக்கும் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மகனுக்கு வலிப்பு நிற்கவில்லை என்று ஒரு தாய் மேடையருகே அழுதார். பேசியவர் ஒலிபெருக்கியிலேயே, "உங்க விசுவாசம் போதலை" என்றார். அந்த அம்மாள் மகனுடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே திரும்பிப் போனார். நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் பிரித்தறிவதே வேதசாஸ்திரியின் முதல் கடமை என்று லுத்தர் வலியுறுத்தியதை அன்றுதான் புரிந்துகொண்டேன். நீ இதைச் செய் என்பது நியாயப்பிரமாணம். உனக்காக இது செய்யப்பட்டது என்பது சுவிசேஷம். 'விசுவாசி' என்ற சொல்லையே கட்டளையாக்கி நொறுங்கிப் போனவர்களின் தலையில் சுமத்தினால், சுவிசேஷத்தின் பெயரில் நியாயப்பிரமாணம் உள்ளே வந்துவிடுகிறது. எங்கள் சபையார் இதில் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் இதைத் தருகிறேன் என்ற பொருத்தனைக் காணிக்கைகள் எங்கள் காணிக்கைத் தட்டிலும் விழுகின்றன.

நற்கிரியைகள் வேண்டாம் என்பதா என்ற கேள்விக்கு ஆக்ஸ்பர்க் அறிக்கையே ஆறாம், இருபதாம் பிரிவுகளில் விடை சொல்லிவிட்டது. நல்ல கனி வரவே செய்யும், ஆனால் கனியைக் காட்டி வேரை விலைக்கு வாங்க முடியாது. எனக்குப் பிடித்தது இதையொட்டி லுத்தர் வளர்த்த இன்னொரு சிந்தனை: அன்றாடத் தொழில்கள் தேவன் அணிந்துகொள்ளும் முகமூடிகள் என்பது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. ஒரு மாலை, வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த மின்வாரிய ஊழியர் ஒருவர் எங்கள் வாசல் கம்பத்திலிருந்து இறங்கி, உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததைப் பொருட்படுத்தாமல் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனார். வெளிச்சத்துக்காக நாங்கள் ஒவ்வொரு இரவும் ஜெபித்திருந்தோம். அவர் எந்த மதத்தவர் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். என் விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, அதைப் பெற்றுக்கொள்கிறது என்று லுத்தர் பெரிய ஞானோபதேசத்தில் எழுதுகிறார். கொடுப்பவர் தேவன் என்றால், பெறுகிறவரின் வயது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. தமிழரில் முதன்முதலாக லுத்தரன் குருப்பட்டம் பெற்ற ஆரோன் எங்கள் கடலூரில் பிறந்தவர். வளர்ந்த ஆளாக, ஆறுமுகம் என்ற பெயரோடு தரங்கம்பாடிக்குப் போய், 1718-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1733-இல் போதகராக அபிஷேகம் செய்யப்பட்டார். வேதம் கேட்டு, யோசித்து, ஒப்புக்கொண்டு வந்த அவரும், பால் குடித்துவிட்டு உறங்கியபடி வந்த என் மகளும் பெற்றது ஒன்றேதான். அவர் தம் ஒப்புதலால் கூடுதலாக எதையும் பெற்றுவிடவில்லை. அவள் வளர்ந்து, ஊற்றப்பட்ட தண்ணீரை நம்பி வாழ வேண்டும் என்பது உண்மை. நம்பாமல் உதறினால் அந்த ஈவு அவளுக்குப் பயன்படாது என்பதும் உண்மை. ஆனால் வேண்டாம் என்று உதறுவதற்குக்கூட முதலில் அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்பது இகழ்ச்சி என்று பாலபாடத்திலேயே படித்து வளர்ந்த நமக்கு, வெறுங்கையோடு வாங்கிக்கொள்வது எளிதில் வராது. கையில் எதையாவது கொண்டுபோகப் பார்க்கிறோம், சாதியையும்கூட. ஜெர்மனியின் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷனின் ஊழியராக வந்த கார்ல் ஓக்ஸ், அந்த மிஷன் சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கு இடம் கொடுத்ததை ஏற்காமல் விலகி, பின்னர் டேனிஷ் மிஷனில் சேர்ந்து மேல்பட்டாம்பாக்கத்தில் பணிசெய்தார். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட எங்கள் ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்தது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாங்கள், கல்யாணம் பேசும்போது என்ன செய்கிறோம் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

திருவிருந்திலும் பேசுகிறவர் கிறிஸ்துவே. 1529 அக்டோபரில் மார்பர்க்கில், அப்பம் சரீரத்தைக் குறிக்கும் அடையாளமே என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லியோடு வாதிட அமர்ந்தபோது, 'இது என் சரீரம்' என்ற வார்த்தைகளை லுத்தர் மேசை மேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு, கடைசிவரை அதிலிருந்து அசையவில்லை. அப்பம் எப்படிச் சரீரமாகிறது என்று தத்துவ விளக்கம் தேட அவர் ஆசைப்படவில்லை. அப்பத்தினுள்ளும், அதனோடும், அதன்கீழும் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்று சொல்வதோடு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். இந்த விருந்துக்குத் தகுதியானவன் யார் என்ற கேள்விக்கு, 'உங்களுக்காக' என்ற வார்த்தையை நம்புகிறவன் என்று சிறிய ஞானோபதேசம் பதில் சொல்கிறது.

இதை எழுதும்போது ஆயாவின் நினைவு வருகிறது. கடைசி இரண்டு வருடம் அவருக்கு ஞாபகம் முழுவதும் போய்விட்டது. என்னைத் தம் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கர்த்தருடைய ஜெபத்தில் 'அன்றன்றுள்ள' வரை வந்து, மேலே போகத் தெரியாமல் மறுபடி தொடக்கத்துக்குப் போவார். பெரிய வியாழன் அன்று போதகர் வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுவந்தபோது, "அம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியலையே ஐயா, எதுக்கு?" என்று சித்தப்பா தயங்கினார். போதகர் பதில் சொல்லவில்லை. கட்டிலருகே மண்டியிட்டு, ஆயாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம்" என்றார். ஆயா வாயைத் திறந்தார். போதகர் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிய பிறகு, வந்தவர் யார் என்று ஆயா கேட்டார். அவருக்குக் காப்பி கொடுத்தீர்களா என்றும் கேட்டார்.