காரையில் டைனோசர் தேடாதீர்கள்

பி.காம் படிக்கும் எனக்கு மூன்றாவது செமஸ்டரில் என்.எம்.இ. பேப்பராக (வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டிய விருப்பப் பாடம்) ஜியாலஜி துறையின் அறிமுகப் பாடம் கிடைத்தது. தொல்லுயிர்கள் பற்றியது, பாதிக்கு மேல் டைனோசர்தான். போன வாரம் ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். ஆனால் இன்டர்னல் மதிப்பெண் கையை விட்டுப் போன விதம் இன்னும் உறுத்துகிறது. அடுத்த வருடம் எடுப்பவர்கள் அதே இடத்தில் தடுக்கி விழக் கூடாது.

பாடம் கடினமில்லை. டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என்ற வரிசையும் ஆண்டுக் கணக்கும் ஒரு ராத்திரியில் மனப்பாடமாகிவிடும்.

முதல் அடி முதல் இன்டர்னலில் விழுந்தது. மூன்று டைனோசர்களின் பெயர் கேட்டிருந்தார்கள். டைரனோசரஸ், டெரனோடான், இக்தியோசர் என்று எழுதினேன். பின்னால் சொன்ன இரண்டும் தப்பு. டெரனோடான் பறந்தது, இக்தியோசர் கடலில் நீந்தியது. இரண்டுமே ஊர்வனதான், ஆனால் டைனோசர் அல்ல. பெயரில் ‘சர்’ இருப்பதையோ, பெரிதாக, பழையதாக இருப்பதையோ பார்த்து முடிவு செய்யக் கூடாது, இடுப்பைப் பார்க்க வேண்டும் என்றார் சார். டைனோசருக்குக் கால்கள் உடம்புக்கு நேர் கீழே நிற்கும். தொடை எலும்பின் தலை போய்ப் பொருந்தும் இடுப்புக் குழி, அடிப்பகுதி இல்லாமல் ஓட்டையாகத் திறந்திருக்கும்.

வகுப்பில் இது புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. இடுப்பெலும்பை உடைக்காமல் எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். சதையைச் சுரண்டிக் கழுவிப் பார்த்தால், தொடை கழன்ற இடத்தில் வட்டமாக ஒரு துளை. பென்சிலின் நுனி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. ஆட்டுக்கு அதே இடம் மூடிய கிண்ணம் மாதிரி இருக்கும். பறவைகளும் டைனோசர்தான் என்று புத்தகத்தில் நாலு தடவை படித்தும் மனதில் நிற்காதது அந்த நிமிடத்தில் நின்றது.

ஒரு எச்சரிக்கை. டைனோசர்களை ‘பல்லி இடுப்பு’, ‘பறவை இடுப்பு’ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பறவைகள் வந்தது பல்லி இடுப்புப் பிரிவிலிருந்து! கோழியின் இடுப்பில் பியூபிஸ் என்ற எலும்பு பின்பக்கமாகத் திரும்பியிருப்பது பிற்பாடு தனியாக ஏற்பட்ட மாற்றம். வைவாவில் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

சரி, ஃபீல்டு ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். பத்து மதிப்பெண். முதலில் அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனோம். கடிதத்தில் துறையின் சீல் இருந்தது, பிரின்சிபால் கையெழுத்து இல்லை. ஆபீஸில் கேட்டபோது, “அதெல்லாம் வேண்டாம், துறை சீல் போதும்” என்று சொல்லி அனுப்பியவர்தான் காரணம். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வீண், மூன்று பேரின் பஸ் காசும் வீண். கடிதத்தை இரண்டு கையெழுத்தோடும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்த சனிக்கிழமை கடிதம் தேவைப்படாத காரை என்ற ஊருக்குப் போனோம். திருச்சியிலிருந்து பாடாலூர், அங்கிருந்து கொளக்காநத்தம் போகும் சாலை. மழை அரித்து அரித்துச் செம்மண்ணும் மஞ்சள் களிமண்ணுமாக மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மேடுகள். வெயிலில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லு போல மின்னின. துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் வழவழவென்று பெலம்னைட் புதைபடிவங்கள் கிடைத்தன. அப்புறம் எலுமிச்சம்பழம் அளவில் உருண்டையாக இரண்டு கற்கள். அவை முட்டை என்றே நம்பினோம். ‘டைனோசர் முட்டை, காரை’ என்று எழுதி, படம் ஒட்டி ரிப்போர்ட்டைக் கொடுத்தேன்.

பத்துக்கு இரண்டு போட்டுத் திருப்பிக் கொடுத்தார் சார். “பெலம்னைட் கிடைத்ததாக நீயே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அது எங்கே வாழ்ந்தது?” என்று கேட்டார். கணவாயின் உறவு, கடலில். கேள்விக்குப் பதில் சொல்லும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. காரைக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. தரையில் வாழ்ந்த விலங்கின் சடலம் ஆற்றோடு அடித்துவரப்பட்டுக் கடலில் புதைவது உண்டு, ஆனால் அபூர்வம். முட்டைக்கு வாய்ப்பு அதைவிடக் குறைவு. நான் எடுத்து வந்தவை பாஸ்பேட் உருண்டைகள், அந்தக் களிமண்ணில் நிறையவே இருக்கும். உண்மையான முட்டையென்றால் உடைந்த இடத்தில் மெல்லிய ஓடு தனியாகத் தெரியும். நர்மதைப் பள்ளத்தாக்கில், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டப் பகுதியில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக 2023-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. அங்கே இருப்பது தரையில் படிந்த பாறை.

நம் பக்கத்தில் தேட வேண்டிய பாறை அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு. டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் ஆறு கொண்டுவந்து போட்ட படிவு அது. பிருஹத்காயோசரஸ் என்ற பிரம்மாண்டமான டைனோசர் அங்கே கிடைத்தது. ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் அதை விவரித்தபோது ஊனுண்ணி என்றே நினைத்தார்கள், பிறகுதான் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று முடிவானது. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று பதிவு. அந்த எலும்புகள் இன்று இல்லை, பொடிந்து போய்விட்டன. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று நம் மண்ணில் கிடைத்து, கையில் எஞ்சியது படங்களும் வரைபடங்களும்தான்.

திருத்தி எழுத நாலு நாள் அவகாசம் கிடைத்தது. கல்லமேட்டுக்குப் போக நேரமில்லை. அதே காரைப் பயணத்தைக் கடல் பாறையாக மாற்றி எழுதினேன். அங்கே இக்தியோசர் பற்கள் கிடைத்திருப்பதையும், அது ஏன் டைனோசர் ஆகாது என்பதையும் சேர்த்தேன். முதல் இன்டர்னலில் காலை வாரிய அதே இக்தியோசர் இங்கே கை கொடுத்தது. ஏழு போட்டார்.

நீங்கள் போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் துறையில் இருக்கும் நிலவியல் வரைபடத்தில் அந்த ஊரின் பாறை கடல் படிவா, ஆற்றுப் படிவா என்று பார்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. காரைக்குக் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், ஒதுங்க நிழல் கிடையாது. கற்களைப் பொறுக்கி வராதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தால் போதும், மதிப்பெண் அதற்குத்தான். நான் கொண்டுவந்த இரண்டு உருண்டைகளும் இப்போது துறை அலமாரியில் இருக்கின்றன. ‘முட்டை’ என்று நான் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டு, ‘பாஸ்பேட் உருண்டை, காரை’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன்.