புகழினி என்ற பெயர் எப்படி முடிவானது

நான் உண்டாகி ஏழாம் மாதம் ஆனதும் எங்கள் வீட்டில் பெயர்ப் பேச்சு தொடங்கிவிட்டது. ஆணா பெண்ணா என்று தெரியாது, அதனால் இரண்டு பட்டியல். என் கணவருக்குத் தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும். அத்தைக்கு நட்சத்திர எழுத்தில் தொடங்க வேண்டும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பெயரின் பொருளில் மரியாதை இருக்க வேண்டும்.

அதற்குக் காரணம் என் ஆச்சி. அவள் பெயர் பிச்சம்மாள். அவளுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாவது நிலைக்கட்டும், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பது அந்தக் கால வழக்கம். அத்தனை பாசத்தோடு வைத்த பெயர்தான். ஆனால் நூறு நாள் வேலையில் பெயர் வாசிக்கும்போது, பாதியை வெட்டி "பிச்சை" என்று மட்டும் கூப்பிடுவார்கள். அவள் முகம் ஒரு நொடி இறுகுவதை நானே பார்த்திருக்கிறேன். நான் உண்டானது தெரிந்ததும் அவள் சொன்னது இதுதான்: "ஏட்டி, பிள்ளைக்கு நாலு பேரு முன்ன தலைநிமிந்து சொல்லுத மாதிரி ஒரு பேரு வையி."

முதலில் பெயர்ப் பட்டியல்களைப் புரட்டினேன். மானசா என்றால் மானம் உள்ளவள் என்று ஒரு பட்டியலில் இருந்தது. அது மனத்திலிருந்து வந்த பெயர், மானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கீர்த்தி என்றால் புகழ், சரி. கீர்த்தனா என்றால் பாடிப் போற்றுவது. இரண்டுக்கும் ஒரே பொருளைப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெயரைப் பார்த்தாலும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தேடிப் பார்க்காமல் ஏற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இணையத்திலேயே இருக்கிறது, பெயர் தேடுகிற யாரும் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். வடமொழிப் பெயர்களில் மான்யா (மதிக்கத் தக்கவள்), யசோதரா (புகழைத் தாங்கியவள்) இரண்டும் பொருளளவில் தேறின. எதிர்வீட்டு அக்கா தன் மகளுக்கு வைத்திருக்கும் ஷரீஃபாவும் இதே குடும்பத்துப் பொருள்தான்: உயர்குணம் உள்ளவள். அந்தப் பெயரை அவர் சொல்லும்போது குரலிலேயே ஒரு நிமிர்வு இருக்கும். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

கணவர் குறளை எடுத்து உட்கார்ந்தார். மானம் 97ஆம் அதிகாரம், பெருமை 98, சான்றாண்மை 99 என்று அடுத்தடுத்து வருகின்றன. தேடுகிறவர்களுக்கு அந்த முப்பது குறளே பெரிய சுரங்கம். ஆனால் மானம் அதிகாரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு கனத்தது. "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார் உயிர்நீப்பர் மானம் வரின்." எவ்வளவு பெரிய வாக்கு! ஆனாலும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு, மானம் போனால் உயிரை விடு என்று சொல்லும் ஒரு பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவும் பெண்ணாக இருந்துவிட்டால்? நம் ஊரில் பெண் பிள்ளையிடம் மானம் என்று பேசினாலே அது அவளுடைய மானமாக இருப்பதில்லை. குடும்ப மானம், குல மானம், தெரு மானம் எல்லாவற்றையும் அவள் உடுத்தும் துணியிலும் வீடு திரும்பும் நேரத்திலும் கட்டித் தொங்கவிடுகிறோம். கௌரவம் என்ற சொல்லும் அப்படித்தான். காதலித்த மகளைக் கொன்றதை 'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகள் இப்போது 'ஆணவக் கொலை' என்று எழுதுகின்றன. நல்ல மாற்றம். ஆனாலும் அந்தச் சொல்லைத் தொட்டுப் பெயர் வைக்க என்னால் முடியவில்லை. பெயரில் இருக்கும் மரியாதை அவளுக்கே சொந்தமாக இருக்க வேண்டும், எங்களுக்காக அவள் காவல் காக்கும் பொருளாக இருக்கக் கூடாது. கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மானம், கௌரவம் இரண்டையும் பட்டியலிலிருந்து அவரே அடித்தார்.

மாண்பு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாண்புமிகு என்று அமைச்சர்களுக்குப் போடுகிறோமே, அந்த மாண்பு. எனக்கும் பிடித்தது. ஆண் பிள்ளைக்குச் சீராளன் என்று ஒன்று எழுதி வைத்திருந்தேன்: சீரும் சிறப்பும் உடையவன். மாமா அதைப் பார்த்துவிட்டுச் சிறுத்தொண்டர் கதையை நினைவூட்டினார். அடியாருக்குக் கறி சமைக்கப்பட்ட பிள்ளையின் பெயர் சீராளன். கடைசியில் உயிரோடு ஓடி வருகிறான் என்றாலும் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மகள் பிறந்தாள். அஸ்த நட்சத்திரம். அத்தை பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன எழுத்துகள்: பு, ஷ, ண, ட. ணகரத்திலும் டகரத்திலும் தமிழ்ச் சொல் தொடங்காது, ஷ வடவெழுத்து. மிச்சம் பு ஒன்றுதான். மாண்பு போயிற்றே என்று கணவருக்கு வருத்தம். நட்சத்திர எழுத்தில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் பேத்திக்காக அத்தை கேட்டது அது ஒன்றுதான். அதையும் மறுக்க எனக்கு விருப்பமில்லை. பு என்றதும் புவனா, புனிதா, புஷ்பா என்று சொந்தக்காரர்கள் வரிசையாகச் சொன்னார்கள். கணவர்தான் மறுபடியும் குறளுக்குப் போய் 24ஆம் அதிகாரத்தைக் காட்டினார். புகழ். இல்லறவியலின் கடைசி அதிகாரம்.

பேரும் புகழும் என்று பேசுகிற புகழ்தானே என்று எனக்குத் தயக்கம். முதல் குறளே அதைத் தீர்த்தது: "ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு." கொடுத்து வாழ்ந்தவரைப் பற்றி ஊர் சொல்லும் நல்ல சொல்தான் அங்கே புகழ். பிறப்பால் வருவதில்லை, யாரும் பறித்துவிடவும் முடியாது, அவள் செய்வதிலிருந்து அவளுக்கு வருவது. நான் தேடியது இதுதான் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. புகழ்மதி, புகழரசி, புகழினி மூன்றையும் வைத்துப் பார்த்தோம்.

இங்கே ஒரு யோசனை சொல்கிறேன், கட்டாயம் செய்யுங்கள்: பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். கணவர் மொட்டை மாடியிலிருந்து மூன்றையும் கூவினார். கோபத்தில் கூப்பிட்டால் எப்படி இருக்கும், பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது எப்படி இருக்கும், பிள்ளைகள் எப்படிச் சுருக்குவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். ஆச்சியின் பெயரை வெட்டியது போல வெட்டினாலும் மிச்சம் நிற்பது நல்ல சொல்லாக இருக்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியம். புகழினியில் பின்பாதியை வெட்டினால் புகழ், முன்பாதியை வெட்டினால் இனி. இரண்டுமே அழகு.

தொட்டில் போட்ட அன்று மதினிதான் குழந்தையை மடியில் வைத்து, காதில் மூன்று முறை பெயர் சொன்னாள். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, ழகரம் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவு விஷயத்துக்கு வருகிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரை அப்போதே தர வேண்டியதில்லை. ஓராண்டு வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. அதனால் யார் அவசரப்படுத்தினாலும் பதறாதீர்கள். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே முடிவுசெய்து தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்மணி, "ழ-வுக்கு எல்-ஆ, இசட் ஹெச்-ஆ?" என்று நிறுத்திக் கேட்டார். இசட் ஹெச் என்றோம். வடநாட்டார் வேறு மாதிரி வாசிப்பார்கள்தான், ஆனால் எல் போட்டால் நம்மவர்களே புகலினி ஆக்கிவிடுவார்கள். பெயரோடு எண் சோதிடத்துக்காக இன்னொரு ஏ சேர்க்கச் சொன்னவர்களுக்கு அன்போடு மறுத்துவிட்டோம். முதலெழுத்தையும் (இனிஷியல்) அப்போதே யோசியுங்கள், பாஸ்போர்ட்டில் அதை விரித்துத்தான் எழுத வேண்டிவரும்.

ஆண் பிள்ளைக்காக எடுத்து வைத்த பெயர்களில் புகழேந்தி, கண்ணியன், ஏந்தல் மூன்றும் அப்படியே இருக்கின்றன. பெண் பிள்ளைக்கு மாட்சி என்பதையும் யாராவது வைக்கலாம். மாண்புக்கு நெருங்கிய சொல், கூப்பிடவும் எளிது. தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.